பில்லை முழு டாலராக்கச் சொல்கிறார்களே, அந்தச் சில்லறை எங்கே போகிறது?

கேள்வி இது: "மினியாபொலிஸுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மளிகைக் கடையில் பில் போடும்போதெல்லாம் 'ரவுண்ட் அப் பண்ணலாமா?' என்று கேட்கிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று சரி சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் ஒருவர், 'அது கடைக்காரன் வரியை மிச்சம் பிடிக்கிற வேலை, நம்ம காசில் அவன் பேர் வாங்குகிறான்' என்கிறார். உண்மையா? கொடுக்கலாமா, வேண்டாமா?"

வரி விஷயத்தில் உங்கள் ஆபீஸ் நண்பர் சொல்வது தவறு. பேர் வாங்கும் விஷயத்தில் பாதி சரி. கொடுக்கலாமா என்பது எந்தக் கடை, யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. நான் இங்கே ஒரு சின்ன உணவு உதவி அமைப்புக்குச் சம்பளம் வாங்காத பொருளாளர். இந்தச் சில்லறைப் பணம் வந்து சேருகிற பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வரி. உங்கள் பில் 43 டாலர் 27 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி என்கிறீர்கள், கார்டில் 44 டாலர் போகிறது. கடையின் கணக்கில் 43.27 மட்டும்தான் விற்பனை. மீதி 73 சென்ட் விற்பனையில் சேராது, அதற்கு விற்பனை வரியும் கிடையாது. 'பிறருக்குக் கொடுக்க வேண்டியது' என்ற தலைப்பின் கீழ் அது தனியாக உட்கார்ந்திருக்கும். அந்த மாதம் முழுக்க எல்லோரும் கொடுத்த சில்லறை அங்கேயே சேர்ந்துகொண்டு வரும். மாதம் முடிந்ததும் மொத்தத்தையும் ஒரு செக்காக எழுதி அமைப்புக்கு அனுப்பினால் அந்தத் தலைப்பு பூஜ்யமாகிவிடும். கடை இதில் பணத்தைக் கைமாற்றிவிடுகிற ஆள், அவ்வளவுதான். தன் வருமானமாகவே வராத பணத்தைத் தன் நன்கொடையாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. ஒருவேளை அதை வருமானத்தில் சேர்த்துக் காட்டிவிட்டு, அதே தொகையை நன்கொடையாகக் கழித்தாலும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. வருமானத்தில் காட்டாமல் கழிவு மட்டும் கேட்டால் அது மோசடி. எழுபத்து மூன்று சென்ட்டுக்காக அந்த வேலையை எந்தக் கடையின் கணக்காளரும் செய்ய மாட்டார்.

அப்படியானால் வரிக்கழிவு யாருக்கு? உங்களுக்கு. சட்டப்படி கொடுத்தவர் நீங்கள்தான். ஆனால் அமெரிக்காவில் பத்தில் ஒன்பது பேர், செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் அரசு நிர்ணயித்த ஒரே தொகையைக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான் எடுக்கிறார்கள், அவர்களுக்கு 2020, 2021 ஆண்டுகள் தவிர, சமீப காலமாக இதனால் பைசா பிரயோஜனம் இருந்ததில்லை. 2025-ல் வந்த வரிச் சட்டம் இதைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது: 2026-ம் வரியாண்டு முதல், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களும் ரொக்க நன்கொடைக்காகத் தனிநபர் 1,000 டாலர் வரையும், கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 2,000 டாலர் வரையும் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ரசீதில் தேதி, தொகை, அமைப்பின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். வருடத்தில் நூறு தடவை கடைக்குப் போய் ஒவ்வொரு தடவையும் சராசரியாக ஐம்பது சென்ட் கொடுத்தாலும் ஐம்பது டாலர்தான். நீங்கள் 12 சதவீத வரிப் படியில் இருந்தால் மிச்சமாவது ஆறு டாலர். அதற்காக நூறு ரசீதைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு வைப்பவர் இருந்தால் அவரை எங்கள் கணக்கு வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்வேன்.

சரி, சில்லறைதானே, இதில் என்ன பெரிதாகச் சேர்ந்துவிடும் என்று தோன்றும். மளிகை பில்லின் கடைசி இரண்டு இலக்கம் ஏறக்குறைய சீட்டுக் குலுக்கல் மாதிரிதான். எடை போட்டு வாங்கும் வெங்காயமும் வாழைப்பழமும் ஒன்றிரண்டு இருந்துவிட்டால் தொகை 01-லும் முடியலாம், 99-லும் முடியலாம். அதனால் சராசரியாக ஒரு ரவுண்ட் அப் ஐம்பது சென்ட் பக்கத்தில் வரும். ஒரு நடுத்தரக் கடையில் நாளைக்கு 1,500 பில் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒருவர் சரி சொன்னால் 500 பேர், 250 டாலர். முப்பது நாளில் 7,500 டாலர். சொந்தக் கட்டடம் இல்லாத, சர்ச் அடித்தளத்தில் வாரம் இரண்டு நாள் அரிசி பருப்பு கொடுக்கிற ஒரு அமைப்புக்கு இது சில்லறை கிடையாது.

நாடளவில் பார்த்தால் தொகை மலைக்க வைக்கும். பில் போடுமிடத்தில் வசூலிக்கும் திட்டங்களை எங்கேஜ் ஃபார் குட் என்ற அமைப்பு கணக்கெடுத்துக்கொண்டு வருகிறது. 2022-ல் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய 77 திட்டங்களை மட்டும் சேர்த்தே 74.9 கோடி டாலர் வந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு டாலர் கொடுத்தால் காகித பலூனில் உங்கள் பெயரை எழுதிக் கடைச் சுவரில் ஒட்டுவார்கள். குழந்தைகள் மருத்துவமனைகளுக்கான அந்த பலூன்கள் அமெரிக்கக் கடைகளில் ரொம்பப் பிரபலம். இப்போது அந்த இடத்தைக் கார்டு மெஷினின் திரை பிடித்துக்கொண்டது.

எல்லா ரவுண்ட் அப்பும் ஒன்றில்லை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். நீங்கள் இருக்கும் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஃப்ராங்க்ளின் அவென்யூவில் உள்ள சீவார்டு கோ-ஆப் 1972-ல் தொடங்கிய கூட்டுறவு மளிகைக் கடை. 2015-ல் 38-வது தெருவில் ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டோர் என்று இன்னொன்றும் திறந்தார்கள். பங்கு வாங்கிய உறுப்பினர்கள்தான் முதலாளிகள், ஆனால் யார் வேண்டுமானாலும் போய் வாங்கலாம். 2011-லிருந்து இங்கே சீட் (SEED) என்ற பெயரில் ரவுண்ட் அப் நடக்கிறது. விண்ணப்பித்த உள்ளூர் அமைப்புகளில் எவற்றுக்குக் கொடுப்பது என்பதற்கு உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். வெர்மான்ட்டில் பர்லிங்டன் நகரத்தின் சிட்டி மார்க்கெட்டில் இதற்கு ரேலி ஃபார் சேஞ்ச் என்று பெயர். விஸ்கான்சினில் மாடிசன் ஊர் வில்லி ஸ்ட்ரீட் கோ-ஆப் இன்னொரு வழி வைத்திருக்கிறது: விருப்பப்பட்டவர்கள் பில்லில் ஒரு சதவீதம் கூடுதலாகக் கொடுக்கலாம், அது மாநிலத்துச் சமூக அமைப்புகளுக்குப் போகும். சர்வதேசக் கூட்டுறவு கூட்டணி 1995-ல் வகுத்த ஏழு கொள்கைகளில் கடைசியானது ஊரின் நலனில் அக்கறை என்பது. கோ-ஆப் கடைகளின் நோட்டீஸ் எதை எடுத்தாலும் அதை மேற்கோள் காட்டுவார்கள். கொஞ்சம் அலுப்பாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அதைச் செய்தும் காட்டுகிறார்கள்.

விருதுநகர், சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதாகத் தெரியாது. மகமை என்று ஒன்று உண்டு. நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கி ஊர்ப் பொதுவில் போடுவார்கள். அந்தப் பணத்தில்தான் 1889-ல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை பள்ளி எழுந்தது. அங்கே கொடுத்தவர் வியாபாரி, செலவைத் தீர்மானித்த கூட்டத்திலும் அவரே உட்கார்ந்திருந்தார். இங்கே கொடுப்பவர் வாடிக்கையாளர். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, தீர்மானிக்கிற இடத்தில் அந்த வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டா என்பதுதான். கோ-ஆப்பில் உண்டு. பெரிய சங்கிலிக் கடையில் இல்லை, எங்கோ தலைமையகத்தில் ஒரு குழு முடிவு செய்யும்.

இந்தப் பணத்தின் உண்மையான மதிப்பு அது எவ்வளவு என்பதில் இல்லை, எப்படிப்பட்ட பணம் என்பதில் இருக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஒரு அறக்கட்டளையிடம் இருந்து மானியம் வாங்கினால் அதோடு ஒரு கயிறும் வரும். குழந்தைகளின் கோடைக்கால மதிய உணவுக்கு என்று கொடுத்த பணத்தை அதற்கு மட்டும்தான் தொடலாம். விண்ணப்பம் பதினைந்து பக்கம், பிறகு ஆறு மாதம் காத்திருப்பு, முடிந்ததும் செலவு அறிக்கை. ஜூலை மாதம் வெளியே கொதிக்கும்போது ஃப்ரீஸரின் கம்ப்ரஸர் நின்றுபோனால் அந்த மானியத்தில் இருந்து மெக்கானிக்குக் கொடுக்க முடியாது. ரவுண்ட் அப் செக்கில் எந்த நிபந்தனையும் இருக்காது. வாடகைக்கும் போகலாம், வேனுக்குப் பெட்ரோல் போடவும் போகலாம், கம்ப்ரஸருக்கும் போகலாம். தொண்டு அமைப்புகளின் கணக்கை எழுதுகிற யாரைக் கேட்டாலும், கட்டில்லாத ஒரு டாலர் கட்டுள்ள இரண்டு டாலருக்குச் சமம் என்பார்கள். நான் ஒன்றரை என்பேன், ஆனாலும் விஷயம் புரிகிறது அல்லவா.

உணவு உதவி மையங்களில் இன்னொன்றும் உண்டு. மக்கள் டப்பாவில் அடைத்த சூப்பும் மக்ரோனியும் கொண்டுவந்து கொடுப்பார்கள், நல்ல மனதோடுதான். ஆனால் மினியாபொலிஸில் சோமாலியர்கள் நிறைய வாழும் சீடர்-ரிவர்சைடு பக்கம் இருந்து வருகிற சோமாலி அம்மாவுக்குப் பன்றி இறைச்சி போட்ட பீன்ஸ் டப்பா எதற்கு? அவருக்கு வேண்டியது அரிசி, எண்ணெய், ஹலால் கோழி. அதையெல்லாம் யாரும் நன்கொடைப் பெட்டியில் போட மாட்டார்கள், காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதையும் சில்லறை விலையில் வாங்க வேண்டியதில்லை. இந்தப் பகுதிக்கு மொத்தமாக உணவு விநியோகிக்கும் செகண்ட் ஹார்வெஸ்ட் ஹார்ட்லேண்ட் போன்ற உணவு வங்கிகள் வழியாக மிகக் குறைந்த விலைக்கும் பல பொருள்கள் இலவசமாகவும் கிடைக்கும். ஒரு டாலரில் பத்து வேளைச் சாப்பாடு என்று, நாடு முழுக்க உள்ள உணவு வங்கிகளின் கூட்டமைப்பான ஃபீடிங் அமெரிக்கா விளம்பரப்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். 1.2 பவுண்டு உணவை ஒரு வேளை என்று கொள்கிற கணக்கு அது. உணவு பெரும்பாலும் தானமாக வருவதால் அந்த டாலர் லாரிக்கும் குளிர்ப்பதனக் கிடங்குக்கும்தான் போகிறது. வீட்டில் ஒரு டாலரில் பத்துப் பேருக்குச் சமைக்க முடியாதே என்று கணக்குப் பார்த்துச் சண்டை போடாதீர்கள். ஆனால் நீங்கள் கடையில் 1 டாலர் 29 சென்ட் கொடுத்து வாங்கி நன்கொடைப் பெட்டியில் போடும் டப்பாவைவிட, அதே பணத்தைக் காசாகக் கொடுப்பது அதிக தூரம் போகும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதன் சரியான பாதி. பெரிய கடைகள் வருடக் கடைசியில் "நாங்கள் இத்தனை கோடி கொடுத்தோம்" என்று அறிக்கை விடுகின்றன. உள்ளே படித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி வாடிக்கையாளர்கள் போட்ட சில்லறையாக இருக்கும். இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை, ஆனால் எரிச்சலாக இருக்கும். இன்னும் ஒரு படி மேலே போன ஒரு புகாரும் உண்டு. சிவிஎஸ் மருந்துக் கடை அமெரிக்க நீரிழிவுச் சங்கத்துக்கு மூன்று ஆண்டுகளில் ஒரு கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தது. கடைக்கு வருபவர்களிடம் வசூலித்ததை அந்த வாக்குறுதிக் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டார்கள், அதை வாடிக்கையாளர்களிடம் சொல்லவில்லை என்று 2022-ல் நியூயார்க்கில் ஒரு வழக்குப் போட்டார்கள். நிறுவனம் அதை மறுத்தது. அந்தக் குறிப்பிட்ட வழக்கின் நியாயம் எப்படி இருந்தாலும், அது எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி: நான் 73 சென்ட் போடாவிட்டால் இந்த அமைப்புக்கு 73 சென்ட் குறையுமா, அல்லது கடை அதைத் தன் பையில் இருந்து போட்டு நிரப்பிவிடுமா? குறையும் என்றால் உங்கள் காசு வேலை செய்கிறது. கடை எப்படியும் நிரப்பும் என்றால் நீங்கள் கடைக்குத்தான் தானம் செய்கிறீர்கள்.

"நீங்கள் போடும் ஒவ்வொரு டாலருக்கும் நாங்கள் ஒரு டாலர் போடுவோம்" என்ற போர்டையும் இதே கண்ணோடு பாருங்கள். கீழே பொடி எழுத்தில் ஒரு உச்சவரம்பு இருக்கும். மாதத்தின் முதல் வாரத்திலேயே அந்த வரம்பு தொட்டுவிடும் என்று தெரிந்தால், அந்தக் கடை எப்படியும் கொடுக்கத்தான் போகிறது, உங்கள் சில்லறை அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது.

அதற்காகச் சங்கிலிக் கடை என்றாலே வேண்டாம் என்று சொல்லவில்லை. வால்மார்ட் 2014-லிருந்து ஃபீடிங் அமெரிக்காவோடு சேர்ந்து வசந்த காலத்தில் ஃபைட் ஹங்கர், ஸ்பார்க் சேஞ்ச் என்ற வசூலை நடத்துகிறது. அதில் அந்தந்தக் கடையில் சேரும் பணம் அந்தப் பகுதி உணவு வங்கிக்கே போகும்படி வைத்திருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. என் வருத்தம் எல்லாம், திரையில் 'குழந்தைகளுக்கு உதவுங்கள்' என்று மட்டும் போட்டுவிட்டு எந்த அமைப்பு என்றே காட்டாத கடைகள்மேல்தான். அங்கே தயங்காமல் வேண்டாம் என்ற பட்டனை அழுத்துங்கள்.

பின்னால் வரிசை நிற்கிறதே என்று சரி சொல்லிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். கூச்சம் உங்களுக்கு மட்டும் இல்லை. பாஸ்டன் அருகே ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு மணியடித்து வசூலிக்கும் காலத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மணியடிப்பவர் கண்ணைப் பார்த்து, தயவுசெய்து கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டபோது வசூல் வெகுவாகக் கூடியது. அதே சமயம், அந்தப் பக்கம் வரவேண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வேறு வாசலைப் பிடித்துக்கொண்டார்கள். 2017-ல் வந்த ஆய்வு அது. கேட்டால் கொடுப்போம், ஆனால் கேட்காமல் இருந்தால் நிம்மதி என்பதுதான் பெரும்பாலோர் மனநிலை. பில் கவுண்டரில் இன்னொரு வாசல் கிடையாது, அதனால்தான் இது இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. 2019-ல் வந்த வேறொரு ஆய்வில், ஒரே தொகையாக இருந்தாலும் 'இத்தனை சென்ட் கொடுங்கள்' என்று கேட்பதைவிட 'முழு டாலராக்கலாமா' என்று கேட்டால் அதிகம் பேர் சம்மதிக்கிறார்கள் என்று தெரிந்தது. கொடுப்பதன் வலி குறைகிறதாம். 73 சென்ட் போகிறது என்று மனது நினைப்பதில்லை, பில் 44 ஆனது என்றே நினைக்கிறது.

கேஷியரைப் பொறுத்தவரை நீங்கள் மறுத்தால் அவர் மனதில் ஒன்றும் ஓடாது. கேட்கச் சொல்லியிருக்கிறார்கள், கேட்கிறார். வரிசையில் முந்தைய ஆள் மறுத்தது கூட அவருக்கு நினைவிருக்காது. 'இன்னைக்கு வேண்டாம், தேங்க்ஸ்' என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. சொல்லப்போனால் அவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'இந்த மாதம் யாருக்கு?' நல்ல கடையில் சட்டென்று பதில் வரும். அமைப்பின் பெயரையும் அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் சொல்வார்கள். திருதிருவென்று விழித்தால், உங்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது. தனியாக அமைப்பைச் சோதிக்க வேண்டுமானால் வருமான வரித்துறையின் இணையதளத்தில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளின் தேடல் பக்கம் இருக்கிறது, பெயரைப் போட்டால் வந்துவிடும். பெரிய அமைப்புகள் வருடாவருடம் வரித்துறைக்குக் கொடுக்கும் 990 என்ற கணக்குப் படிவத்தை யாரும் படிக்கலாம், இயக்குநரின் சம்பளம் முதற்கொண்டு அதில் இருக்கும். வருடத்துக்கு 50,000 டாலருக்குக் கீழே வரவுள்ள சின்ன அமைப்புகள் ஒரு தபால் அட்டை அளவு விவரம் கொடுத்தால் போதும் என்பதால் அங்கே அதிகம் தெரியாது. சின்ன அமைப்பு என்றால் நேரில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்ப்பதுதான் சரி.

உணவு உதவி அட்டையான ஸ்னாப்பில் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தப் பணத்தில் உணவு மட்டும்தான் வாங்கலாம், நன்கொடை அதில் இருந்து போகாது. ஸ்னாப் அட்டையோடு நிற்பவரிடம் கேஷியர் இதைக் கேட்டுவைத்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். நல்ல கடைகள் அந்த அட்டையைத் தேய்த்தால் கேள்வியே வராதபடி செய்துவைக்கலாம், கோ-ஆப் உறுப்பினராக நீங்கள் அதை வற்புறுத்தவும் செய்யலாம்.

ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நாய்க்குட்டி படம் போட்ட விலங்குக் காப்பகத்துக்கு ஓட்டு கொட்டும். சிறையில் இருந்து வெளிவந்தவர்களுக்கு வேலை தேடித் தரும் அமைப்புக்கு விழாது. பெரிய மின்னஞ்சல் பட்டியல் உள்ளவர்கள் ஜெயிப்பார்கள். அதனால் சில இடங்களில் முதலில் ஒரு குழு வடிகட்டிவிட்டு, உணவு, வீடு, சுற்றுச்சூழல் என்று துறைவாரியாகப் பிரித்துப் பிறகு ஓட்டுக்கு விடுகிறார்கள். என்னைக் கேட்டால் எல்லோருமே அப்படிச் செய்ய வேண்டும். ஒரு மாதம் ஜெயித்தவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகள் இடைவெளி வைப்பதும் நல்லது. இதைச் சொன்னால் எங்கள் குழுவிலேயே சிலர் முறைப்பார்கள்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2025 நவம்பரில் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயம் அடிப்பதை நிறுத்திவிட்டது. கனடா 2012-லேயே அடிப்பதை நிறுத்தி, 2013-ல் புழக்கத்துக்கு விடுவதையும் நிறுத்திவிட்டது. சென்ட் கிடைக்காத கடைகளில் ரொக்க பில்லை ஐந்து சென்ட்டுக்கு மேலோ கீழோ சரி செய்கிறார்கள். அது விலைக் கணக்கு, நன்கொடை கிடையாது, அதற்கு உங்கள் சம்மதம் கேட்கவும் மாட்டார்கள். ரவுண்ட் அப் என்றால் உங்களைக் கேட்டாக வேண்டும், ரசீதில் தனி வரியாகவும் வர வேண்டும். வரவில்லை என்றால் மேனேஜரிடம் கேளுங்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். கோ-ஆப்பில் எப்போதும் சரி சொல்வேன், அந்த மாதம் யார் என்று வாசல் பலகையில் பார்த்துக்கொள்வேன். சங்கிலிக் கடையில் உள்ளூர் உணவு வங்கி என்று திரையில் பெயர் வந்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம். இதை நான் தானக் கணக்கில் சேர்ப்பதில்லை. மனதுக்குப் பிடித்த இரண்டு அமைப்புகளுக்கு வருடக் கடைசியில் தனியாகச் செக் எழுதுவது வேறு. ரவுண்ட் அப் செய்துவிட்டோமே என்று அந்தச் செக்கை எழுதாமல் விட்டால், அமைப்புக்கு மொத்தத்தில் நஷ்டம்தான். கார்டு கம்பெனிக்குப் பொதுவாக இரண்டு மூன்று சதவீதம் கட்டணம் உண்டு, கடை அதைத் தானே ஏற்றுக்கொள்கிறதா, நன்கொடையில் பிடிக்கிறதா என்பது கடைக்குக் கடை மாறும். செக்கில் அந்தப் பேச்சே இல்லை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் பிள்ளைகள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள் என்றால், அந்தப் பள்ளி 501(சி)(3) என்ற வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பாகப் பதிவு பெற்றதாக இருந்தால், அதுவே இந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். நம்மவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. நம் கூட்டத்திடமே திரும்பத் திரும்ப வசூலித்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான கோ-ஆப்புகள் கேட்பது இரண்டு பக்கம்தான்: வரி எண், என்ன செய்கிறீர்கள், இந்த வட்டாரத்தில் யாருக்குப் பயன். மதப் பிரசாரமும் கட்சி அரசியலும் இருந்தால் பொதுவாகத் தள்ளிவிடுவார்கள். அதனால் பொங்கல் விழா படத்தைவிட, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து நடத்தும் வகுப்பைப் பற்றி எழுதினால் எடுபடும். பதிவு இல்லாத புதுக் குழு என்றால், பதிவுள்ள வேறொரு அமைப்பின் நிழலில் இருந்து விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

தேர்வாகிவிட்டால், அந்த மாதம் தொடங்கும் முன்பே ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய்க் கேஷியர்களிடம் அஞ்சு நிமிஷம் பேசிவிட்டு வாருங்கள். போஸ்டர், ஃபேஸ்புக் எல்லாம் அப்புறம். 'நோக்கோமிஸ் பக்கத்தில் ஐம்பது பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறார்கள், புத்தகம் வாங்கப் பணம் சேர்க்கிறார்கள்' என்கிற மாதிரி, வாயில் சுலபமாக வருகிற ஒரே ஒரு வரியை அவர்களிடம் கொடுங்கள். போகும்போது ஒரு டப்பா முறுக்கும் கையோடு கொண்டுபோங்கள், பிரேக் ரூமில் வைத்தால் கால் மணி நேரத்தில் காலியாகிவிடும்.